பளிங்கிற் சிறைப்பட்ட வாயு: ஆனந்த குமாரசுவாமியும் தோரியனைற்றும்

அரியாலை உள்ளிட்ட யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடிநிலம் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லாலானது. நாம் இங்கு ஆராயும் கனிமம் அதில் இல்லை. அது சப்பிரகமுவவின் மாணிக்கப் படிவுகளுக்குரியது. எனினும் அதன் வரலாற்றிற் பங்குகொண்ட ஆனந்த குமாரசுவாமி தந்தைவழியில் இக்குடாநாட்டைச் சார்ந்தவராதலின், அக்கதை இங்கும் பேசப்படவேண்டியதே.

கலைத் தத்துவ ஞானியாக மட்டுமே அவரைப் போற்றும் மரபொன்று நம்மிடையே வேரூன்றியுள்ளது. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவள ஆய்வுக்குத் தலைமை தாங்கிய புவிச்சரிதவியலாளரை அம்மரபு ஒதுக்கிவிடுகிறது. (ஆன்மிகம் பேசுவோர்க்குக் கல்லும் சுத்தியலும் உவப்பானவையல்ல போலும்.) பலாங்கொடைப் பகுதியிற் கிடைத்த கனமான கருநிறக் கனசதுரப் பளிங்குகள் முதலில் யுரேனியக் கனிமமென்றே கருதப்பட்டன. 1904 இல் இலண்டன் ஏகாதிபத்திய நிறுவகத்தில் டன்ஸ்ரன் செய்த பகுப்பாய்வு, அவை பெரும்பாலும் தோரியம் ஒட்சைட்டே எனக் காட்டிற்று. தோரியனைற் என்னும் பெயர் அவ்வாறு பிறந்தது.

தோரியமும் யுரேனியமும் சிதையும்போது உமிழும் அல்பாத் துணிக்கைகள் இலத்திரன்களைப் பெற்று ஈலியமாகின்றன. இரசாயனப் பிணைப்பேதுமின்றி அவ்வாயு பளிங்கினுள் அடைபட்டுக் கிடக்கிறது, சூடாக்கினால் வெளிப்படுகிறது. ஈலியம் கதிர்த்தொழிற்பாடற்றது. ஆனால் தோரியத் தொடரிற் தோன்றும் தோரன் கதிர்த்தொழிற்பாடுடைய விழுமிய வாயு. அதன் அரைவாழ்வு ஏறத்தாழ 56 செக்கன் மட்டுமே. இறுகிய பளிங்கிலிருந்து தப்புமுன்னரே அதிற் பெரும்பகுதி அழிந்துவிடும். மனிதன் இத்தகைய சிறையைத் தானே கட்டியது வெகுகாலத்தின் பின்னரே. 1940களின் இறுதியில் ஒக்ஸ்போட்டைச் சேர்ந்த பவல், குயினோற் பளிங்கின் கூடுகளில் விழுமிய வாயுக்கள் அடைபடும் அமைப்பை விளக்கினார். அரைவாழ்வு ஏறத்தாழ 10.8 ஆண்டுகளான கிரிப்டன்-85 பின்னர் அக்கூடுகளில் அடைக்கப்பட்டது.

ஓட்டோ ஹான் 1905 இல் றாம்சேயின் இலண்டன் ஆய்வுகூடத்தில் ரேடியோதோரியத்தைக் கண்டறிந்தது இலங்கைத் தோரியனைற்றிலிருந்தே. ஸ்ரட் என்பார் கனிமத்திற் திரண்ட ஈலியத்தை அளந்து பாறைகளின் வயதைக் கணித்தார். வாயு ஓரளவு கசிவதால் அது குறைந்தபட்ச வயதே. மூலப்பொருள் குடியேற்ற நாட்டினது, ஆய்வுகூடமும் புகழும் ஆளும் நாட்டினது என்ற உழைப்புப் பிரிவினையை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது. குழிக்குள் இறங்கிச் சரளையைக் கூடையில் அரித்தெடுத்த உழைப்பாளரை இக்கதை சொல்வோர் பெயர்சுட்டிக் குறிப்பதில்லை.

குமாரசுவாமியிடம் வேறொரு விளைவும் நிகழ்ந்தது. கனிமம் தேடி ஊர் ஊராகச் சென்றவர், நலிந்துகொண்டிருந்த கிராமியக் கைவினைஞரையும் கண்டார். 1908 இல் வெளிவந்த அவரது மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூல் அப்பயணங்களோடு தொடர்புடையது.