‘கடந்தவர்’ யார்? கிர்கிஸ்தான் இளைஞர் கணக்கெடுப்பின் ஒரு வரையறை குறித்து

முன்னாள் சோவியத் நாடுகளில் கல்வியிலிருந்து வேலைக்குச் செல்லும் வழியைப் பற்றிய ஆய்வுகளில் ஒரு வாசிப்பு வேரூன்றிவிட்டது. பட்டதாரியை மூன்றாண்டுக் கட்டாயப் பணிக்கு அனுப்பிய அரசு ஒதுக்கீட்டு முறை ஒரு பாலம். 1991இல் அது இடிந்தது. வேறு வடிவில் அதை எழுப்புவதே இளைஞருக்குச் செய்யும் உதவி. அந்தப் பாலம் அவ்வளவு உறுதியானதா என்பதே ஐயம். ஒதுக்கீட்டிலிருந்து விடுவிக்கும் ‘சுதந்திர’ப் பட்டயத்தைப் பெற அன்றைய மாணவர்கள் தேடிய வழிகள் ஊரறிந்தவை. என் மறுப்பு அங்கில்லை. பாலத்தைக் கடந்தார், கடக்கவில்லை என்று இன்று எதைக்கொண்டு எண்ணுகிறோம் என்பதில் இருக்கிறது.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 15 முதல் 29 வயதுவரை உள்ளோரிடம் நடத்திய கணக்கெடுப்பு கிர்கிஸ்தானில் 2013இல் எடுக்கப்பட்டது. அதன் வகைப்பாட்டில் ‘கடந்தவர்’ மூவகையினர்: நிலையான வேலையில் இருப்பவர், அவருக்கு அது பிடித்திருந்தாலும் இல்லாவிட்டாலும்; தற்காலிக வேலையில் இருந்தும் நிறைவு கொண்டவர்; சொந்தத் தொழிலில் நிறைவு கொண்டவர். நிலையான வேலை என்பது பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ நீளும் எழுத்து ஒப்பந்தம். வாய்மொழி ஏற்பாடானால் அடுத்த பன்னிரண்டு மாதமும் வேலை நீடிக்கும் என்ற எதிர்பார்ப்பு.

இந்த வரையறையை நிதானமாகப் படிக்க வேண்டும். நிலையான வேலை உள்ளவரிடம் மனநிறைவு ஒரு பொருட்டே அல்ல; அது இல்லாதவரிடம் மனநிறைவே எல்லாம். பிஷ்கெக்கின் தோர்தோய் சந்தையில் அடுத்தடுத்த இரும்புக் கொள்கலன்களில் துணி விற்கும் இரண்டு இளைஞர்களை எடுத்துக்கொள்வோம். சரக்கு ஒன்று, வாடகை ஒன்று, வருமானமும் ஏறத்தாழ ஒன்று. ஒருவர் “போதும்” என்கிறார். மற்றவர் பல்கலைக்கழகத்தில் படித்த படிப்பை நினைத்துப் பெருமூச்சு விடுகிறார். முன்னவர் கடந்துவிட்டார்; பின்னவர் இன்னும் வழியில் நிற்கிறார். இருவரையும் பிரிப்பது அன்றைய நாளின் ஒரு பதில்தான். எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டவரெல்லாம் புள்ளிவிவரத்தில் வெற்றியாளர் ஆகிறார். ஒரு பயிற்சித் திட்டம் யாருக்கும் வேலை தேடித் தராமல், ஆசையை மட்டும் தணித்துவிட்டாலே இந்த அளவுகோலில் தேறிவிடும். வரையறையை எழுதியவர்களின் நோக்கம் இதுவென்று நான் சொல்லவில்லை. வரையறை அதற்கு இடந்தருகிறது என்கிறேன்.

தையல் பட்டறைகளில் குழப்பம் இன்னும் ஆழமானது. அங்கே ‘பேட்டன்ட்’ என்ற அனுமதிச் சீட்டுக்குப் பணம் கட்டிவிட்டுத் துண்டுக்கூலிக்குத் தைக்கும் பெண், தாளில் தனக்குத் தானே முதலாளி. துணி அவளுடையதன்று, இயந்திரமும் பெரும்பாலும் அவளுடையதன்று, விலையை அவள் வைப்பதுமில்லை. கணக்கெடுப்பாளர் கேட்கும்போது தன்னைக் கூலியாள் என்பாளா, சொந்தத் தொழில் செய்பவள் என்பாளா? சொல்லும் சொல்லுக்கேற்ப அவள் வேறு வேறு கட்டத்தில் விழுவாள். எந்தக் கட்டமும் அவள் உழைப்பைக் காட்டாது.

மனநிறைவும் ஒரு தரவுதானே என்பார்கள். தரவுதான், நிலைமாற்றத்துக்கான தரவன்று. நாடுகளை ஒப்பிட ஒரே வரையறை வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. பொருந்தாத சட்டையை எல்லோருக்கும் மாட்டிவிட்டு அளவு ஒத்துவருகிறது என்பதில் பயனில்லை.

இதைவிடப் பெரிய இடைவெளி வீட்டு வாசலிலேயே தொடங்குகிறது. வீடு வீடாகச் சென்று இளைஞரிடமே கேட்கும் கேள்வித்தாளுக்கு, மாஸ்கோவின் கட்டுமானத் தளத்தில் இருப்பவர் பதில் சொல்ல முடியாது. அந்த ஆண்டுகளில் வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பிய பணம் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு ஈடாக இருந்தது. 2015 ஆகஸ்டில் யூரேசியப் பொருளாதார ஒன்றியத்தில் கிர்கிஸ்தான் சேர்ந்தபின் அதன் குடிமக்கள் ரஷ்யாவில் வேலை செய்யத் தனி அனுமதியும் தேவைப்படவில்லை. படித்து முடித்தவர் பலர் கடந்தது பாலத்தையன்று, எல்லையை. அவர்களை விட்டுவிட்டு எஞ்சியோரை எண்ணி ‘பாலம் இடிந்தது’ என்று முடிவுகட்டுவது அவசரம்.

அடுத்த கணக்கெடுப்பை வடிவமைப்போர் மனநிறைவுக் கேள்வியை வகைப்பாட்டிலிருந்து பிரித்துத் தனியே வைக்க வேண்டும். துணியும் இயந்திரமும் யாருடையவை, விலையை யார் வைக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். வீட்டில் இல்லாத பிள்ளை எங்கே, எத்தனை மாதமாக என்பதைப் பெற்றோரிடமாவது கேட்டுப் பதிய வேண்டும்.