குரோம்பேட்டையின் குரோமியமும் ஒரு சிவப்புப் புழுவும்

1/ தாம்பரம் ரூட்ல தினமும் குரோம்பேட்டையைத் தாண்டிப் போறோம். அந்தப் பேருக்குள்ள ஒரு கன உலோகம் இருக்கு: குரோமியம். அது ஊர்ப் பேரான கதையையும், சேத்துல இருக்கிற பூச்சிகளுக்குள்ள போற கதையையும் பார்ப்போம்.

2/ அந்தக் காலத்துல நம்ம ஊர்ல தோல் பதனிட ஆவாரம் பட்டைதான். வாரக்கணக்கில் ஊறணும். 1884-இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் குரோம் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். வேலை சீக்கிரம் முடிஞ்சது.

3/ 1903 வாக்கில் சென்னை கலைத்தொழில் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அதைச் சோதித்துப் பார்த்தார். பின்னால் சேம்பர்ஸின் குரோம் லெதர் கம்பெனி வந்தது. கம்பெனிப் பேரே ஊர்ப் பேராச்சு.

4/ பல்லாவரம், நாகல்கேணி பக்கம் டேனரிகள் பெருகின. போடுற குரோமியம் முழுசா தோல்ல ஏறாது. மிச்சம் கழிவுநீர்ல போகும். போற இடத்துல சேத்தோட ஒட்டிக்கும்.

5/ சரி, பூச்சி எங்க வருது? கொசு மாதிரியே இருக்கும், ஆனா கடிக்காத ஒரு பூச்சி. அதோட புழு ரத்தச் சிவப்பு. நம்ம ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபின் அதுக்கும் உண்டு. அதனால ஆக்சிஜன் குறைஞ்ச சாக்கடைச் சேத்துலயும் பிழைக்கும். சேத்தைத்தான் தின்னும். உலோகமும் சேர்ந்தே உள்ளே போகும். உலோக மாசு உள்ள சேத்துல இந்தப் புழுக்களோட வாய்ப் பற்கள் கோணலாகிறதை ஆய்வாளர்கள் ஓர் எச்சரிக்கை அறிகுறியாவே பார்க்கிறாங்க.

6/ புழுவை மீனும் தட்டானோட குஞ்சும் தின்னும். அப்போ படிக்குப் படி விஷம் ஏறுமா? மெத்தில் பாதரசம் அப்படித்தான் ஏறும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் தெரியவந்த நோய் அதனால் வந்தது. குரோமியம் பெரும்பாலும் அப்படி ஏறாது. நிறைய குடல் வழியாவே வெளியேறிடும். புழு பூச்சியாகும்போது சட்டையோட குடலின் உள் படலத்தையும் கழற்றி விட்டுடும். உலோகத்தில் பெரும்பங்கு தண்ணிலயே தங்கிடும்.

7/ "அப்போ நல்லதுதானே டாக்டர்?" பாதிதான் சரி. பூச்சி பறந்துபோகும், உலோகம் சேத்துக்கே திரும்பும். அடுத்த தலைமுறைப் புழு அதையே மறுபடி தின்னும். குப்பை மக்கும். உலோகம் மக்காது.

8/ மருத்துவரா ஒண்ணு: குரோமியம் ரெண்டு வகை. தோல் பதனிடுற மூவிணைதிற வகை நம்ம செல்லுக்குள்ள எளிதில் நுழையாது. அறுவிணைதிற வகை நுழையும். தோல்ல ஆறாத புண், தொடர்ந்து சுவாசிச்சா நுரையீரல் புற்றுநோய் எல்லாம் இதனால்தான். மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தா முதல் வகையில் கொஞ்சம் ரெண்டாவதா மாறவும் முடியும்.

9/ 28.8.1996 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. பல்லாவரம் அப்போது இருந்த செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் அதில் அடக்கம். மாசு செய்தவரே செலவையும் ஏற்கணும்ங்கிறது அதன் சாரம். டேனரிக்கு 10,000 ரூபாய் அபராதம்.

10/ தீர்ப்பு புதுக் கழிவைத்தான் தடுக்கும். பழைய சேறு அங்கேயே இருக்கும். அதனால உங்க ஏரியாவுல ஏரி தூர்வாரினா ரெண்டு கேள்வி கேளுங்க: "அந்த மண்ணுல உலோகம் சோதிச்சாங்களா? எங்க கொட்டப் போறாங்க?" பதில் வர்ற வரைக்கும் அதை வீட்டுத் தோட்டத்துக்கு அள்ளிட்டு வராதீங்க.