திரும்பி வந்த இன்ஜின்

ஜப்பான் போக மலேசியர்களுக்கு விசா வேண்டாம். 2013 ஜூலையிலிருந்து இதுதான் நடைமுறை. சிப் வைத்த கடப்பிதழ் இருந்தால் 90 நாள் வரை தங்கலாம். பத்தாங் காலியில் இருக்கும் என்னைப் போன்ற ஓர் இன்ஜினியருக்கு ஜப்பான் என்பது ஏழு மணி நேர விமானம், இரண்டு வருடச் சேமிப்பு, ஒன்பது நாள் விடுப்பு. மேலாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார். தோக்கியோ டிஸ்னிலேண்ட், டிஸ்னி சீ, ஃபூஜி-கியூ ஹைலேண்ட், ஒசாகாவில் யுனிவர்சல் ஸ்டூடியோஸ். நான்கு தீம் பார்க், ஒரே ஆள்.

"தனியா போயி அங்க என்னடா செய்வ?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தீம் பார்க் என்றால் கெந்திங். பத்தாங் காலியிலிருந்து மலைச் சடக்கைப் பிடித்தால் போதும். வேன் எடுத்து, பிள்ளைகளை அள்ளிப் போட்டு, சோறு கட்டிக்கொண்டு போகிற இடம். கெந்திங்குக்குத் தனியாகப் போகிறவர் எதற்குப் போகிறார் என்று ஊருக்கே தெரியும்.

ஜப்பானில் அப்படியில்லை. தனியாகச் சாப்பிட, தனியாகப் பாட, தனியாக ஊர் சுற்ற வருகிறவர்களை 'ஒஹிதோரிசாமா' என்று மரியாதையாகவே அழைக்கிறார்கள். யுனிவர்சலில் தனி ஆளுக்கென்றே ஒரு வரிசை உண்டு. கூட்டமாக வந்தவர்கள் உட்கார்ந்தது போக மிஞ்சும் ஓர் இருக்கையில் நம்மை ஏற்றி அனுப்பிவிடுவார்கள். நேரம் மிச்சம்.

எந்த நாளில் எந்தப் பார்க் என்று அட்டவணை போட்டபோதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. பல பார்க்குகளின் வரலாற்றைத் திறந்தால் அடியில் ஒரு ரயில் கம்பெனி இருந்தது.

1910இல் ஒசாகா பக்கம் மினோ-அரிமா மின்சார ரயில்பாதை திறக்கப்பட்டது. அதை நடத்தியவர் கோபாயாஷி இச்சிசோ. பாதை முடிகிற தக்காராசுக்கா அப்போது ஒரு சிறிய ஊர். அங்கே போவதற்கு ஆள் இல்லை. ஆள் இல்லாவிட்டால் ரயிலுக்கு வருமானம் இல்லை. 1911இல் அங்கே வெந்நீர்க் குளியல் விடுதி கட்டினார். 1914இல் பெண்களே நடிக்கும் பாட்டு நாடகக் குழுவை மேடையேற்றினார். பிற்பாடு அந்த இடம் பெரிய பொழுதுபோக்குப் பூங்காவாக வளர்ந்து 2003 வரை இருந்தது. மற்ற ரயில் கம்பெனிகளும் இதே வழியில் போயின. ஒசாகாவின் ஹிராகாத்தா பார்க் கேய்ஹான் ரயில் கம்பெனியுடையது. தோக்கியோ பக்கம் ஓதாக்கியூ கம்பெனி 1927இல் பாதையைத் திறந்த கையோடு முக்கோகாவுக்காவில் பூங்காவையும் திறந்தது. 79 மீட்டர் உயர ஃபூஜியாமா ரோலர் கோஸ்டர் நிற்கும் ஃபூஜி-கியூ, பெயரிலேயே ரயில் கம்பெனியைச் சுமக்கிறது. தோக்கியோ டிஸ்னிலேண்டை நடத்தும் ஓரியண்டல் லேண்ட் கம்பெனியை 1960இல் தொடங்கியவர்களில் கேய்செய் ரயில் கம்பெனியும் ஒன்று. கடலைத் தூர்த்த நிலத்தில் 1983 ஏப்ரல் 15இல் அந்தப் பார்க் திறந்தது.

ஜப்பானில் தீம் பார்க் என்பது ரயிலின் பிள்ளை. பாதையை முதலில் போடு, மனுசன் விரும்பிப் போவதற்கு ஒரு காரணத்தை அதன் முடிவில் கட்டு. இன்ஜினியராக இது எனக்குப் பிடித்திருந்தது. நான்கு பார்க்கோடு ரயில் சம்பந்தமான ஓர் இடத்தையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று தேடினேன். அப்படிக் கிடைத்ததுதான் ஷிசுவோக்கா மாநிலத்தின் ஓய்காவா ரயில்வே.

அங்கே பழைய நீராவி இன்ஜின்களை இன்னும் ஓட்டுகிறார்கள். 2014இலிருந்து ஓர் இன்ஜினுக்கு நீலச் சாயம் பூசி, முகம் வைத்து, 'தாமஸ்' என்று பிள்ளைகளுக்காக விட்டார்கள். சின்ன வயதில் தொலைக்காட்சியில் பார்த்த அதே தாமஸ். அதற்குத் துணையாகச் சிவப்பு 'ஜேம்ஸ்' வந்தது. அந்த ஜேம்ஸின் உண்மைப் பெயர் சி56 44. 1936இல் செய்யப்பட்ட இன்ஜின். போர்க்காலத்தில் கடல் கடந்து போய், சயாம்-பர்மா ரயில்பாதையில் ஓடி, போர் முடிந்தபின் தாய்லாந்து ரயில்வேயில் 735 என்ற எண்ணில் உழைத்து, 1979இல் ஜப்பான் திரும்பியது.

அட்டவணையை அன்றைக்கு அதற்கு மேல் போட முடியவில்லை.

சயாம் ரயில் என்பது மலேசியத் தமிழனுக்கு விளக்க வேண்டிய சொல் இல்லை. ஆனால் வீட்டில் கேட்ட கதையாகவே அது நின்றுவிடுகிறது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்களைப் படித்தவர்களுக்குக் கொஞ்சம் கூடத் தெரியும். பள்ளிப் பாடத்தில் நான் படித்ததாக நினைவிருப்பது ஓரிரு வரிதான். அதனால் அடிப்படைகளைச் சொல்லிவிடுகிறேன்.

தாய்லாந்தின் பான் போங் பக்கமிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்குக் கடல் வழியாகச் சாமான் அனுப்புவது ஆபத்தானதால் காட்டு வழியே பாதை போட முடிவானது. 1942இன் நடுப்பகுதியில் வேலை தொடங்கியது. 1943 அக்டோபரில் இரு முனைகளும் சேர்ந்தன. சுமார் 60,000 நேசநாட்டுப் போர்க் கைதிகள் வேலை செய்தார்கள். அவர்களில் 12,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போல் பல மடங்கு. மலாயாவிலிருந்து மட்டும் போனவர்கள் சுமார் 75,000 என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள்.

ஏன் போனார்கள்? ஜப்பான் வந்ததும் ரப்பர் ஏற்றுமதி நின்றது. துரைமார்கள் ஓடிவிட்டார்கள். பால்மரம் வெட்டிச் சம்பளம் வாங்கிய லயத்தில் மரவள்ளிதான் சாப்பாடு. அந்த நேரத்தில் நாளுக்கு ஒரு வெள்ளி, அரிசி, சில மாதத்தில் திரும்பலாம் என்றார்கள். முதலில் போனவர்களில் நம்பிப் போனவர்களும் உண்டு. போனவர்களிடமிருந்து சேதி வராததால் பிறகு யாரும் பெயர் கொடுக்கவில்லை. ஆகவே வீட்டுக்கு ஓர் ஆள் என்று தோட்டத்தில் கணக்குப் போட்டும், சடக்கில் போகிறவர்களை லாரியில் ஏற்றியும் கொண்டுபோனார்கள். இலவசப் படம் என்று கூப்பிட்டுக் கதவைச் சாத்திய கதையும் வாய்மொழியாக இருக்கிறது.

மூடிய சாமான் பெட்டிகளில் நாலைந்து நாள். வடக்கே போகும் பாதை ரவாங், செரெண்டா, பத்தாங் காலி, ராசா, தஞ்சோங் மாலிம் என்று எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. மலாயாவின் தண்டவாள அகலம் 1,000 மில்லிமீட்டர். சயாமிலும் பர்மாவிலும் அதே அகலம். பெட்டியை மாற்றாமலே எங்கள் தோட்டத்து ஆளைக் காட்டின் வாசல் வரை கொண்டுபோய்விட முடிந்தது. ஜப்பானில் மட்டும் 1,067 மில்லிமீட்டர். ஆகவே சி56 வகையில் 1 முதல் 90 வரை எண்ணிட்ட தொண்ணூறு இன்ஜின்களையும் அந்த 67 மில்லிமீட்டரைக் குறைத்து மாற்றியமைத்துத்தான் கப்பலில் ஏற்றினார்கள்.

தொண்ணூறு. எந்த ஆண்டு எந்தத் தொழிற்சாலையில் செய்தது, தாய்லாந்தில் எந்த எண் பெற்றது என்பது வரை ரயில் பிரியர்கள் தேடித் தொகுத்திருக்கிறார்கள். தொழிற்சாலையில் வேலை செய்கிற எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. எங்களிடமும் ஒவ்வொரு பம்புக்கும் எண், ஒவ்வொரு மோட்டாருக்கும் கோப்பு உண்டு. எண் போட்ட பொருள் தொலைந்தால் யாராவது கேள்வி கேட்பார்கள். எண் போடுவதே அதற்குத்தான்.

என் பாட்டியின் அண்ணனுக்கு அப்படி ஒன்றும் இல்லை. வட சிலாங்கூரில் ஒரு தோட்டத்திலிருந்து போனவர். "ரயிலேறிப் போனாரு. அவ்ளோதான்" என்பது பாட்டி சொன்ன முழு வரலாறு. தேதி இல்லை. படம் இல்லை. இறந்தாரா, எங்கே என்பதும் இல்லை. அதனால் திதியும் இல்லை.

போர்க் கைதிகளுக்கு ராணுவப் பட்டியல் இருந்தது. கூடவே அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தார்கள். ஒளித்து நாட்குறிப்பு எழுதினார்கள், படம் வரைந்தார்கள். 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது யார் செத்தார், எங்கே புதைத்தோம் என்று குறித்துவைத்தார்கள். காஞ்சனபுரியின் போர்க் கல்லறையில் ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவான கல்லறைகள், வரிசை வரிசையாக. தோட்டத் தமிழனுக்கு டாக்டர் இல்லை, அதிகாரி இல்லை, எழுதுகிற கையும் பெரும்பாலும் இல்லை. செத்தவர் எண்ணிக்கையே 30,000இல் தொடங்கி, யார் எழுதுகிறார் என்பதைப் பொறுத்து மேலே போய்க்கொண்டிருக்கிறது.

பத்தாங் காலி என்ற பெயர் உலக வரலாற்றில் வேறொரு சாவுக்காக இருக்கிறது. 1948 டிசம்பரில் இங்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆயுதம் இல்லாத 24 சீனர்களைப் பிரிட்டிஷ் ராணுவத்தின் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் சுட்டுக் கொன்றார்கள். குடும்பத்தினர் லண்டன் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2015 நவம்பரில் மேல்முறையீடு தள்ளுபடியானது. வழக்குத் தோற்றாலும் அந்த 24 சாவும் தீர்ப்பின் பக்கங்களில் எழுதப்பட்டுவிட்டது. இனி யாரும் அழிக்க முடியாது. ஒரு துயரத்தை இன்னொன்றோடு நிறுத்துப் பார்ப்பதற்காக இதைச் சொல்லவில்லை. வழக்குப் போடக்கூட ஒரு பெயர்ப் பட்டியல் வேண்டும். இதே ஊர் வழியாக ஐந்தாண்டு முன்பு வடக்கே போனவர்களுக்கு அது இல்லை.

இன்னொரு இன்ஜினும் 1979இல் திரும்பியது. சி56 31. தோக்கியோவின் யாசுக்குனி ஆலயத்தை ஒட்டிய யூஷூக்கான் அருங்காட்சியகத்தின் முன்கூடத்தில் நிற்கிறது. பாதை திறப்பு விழாவில் ஓடிய இன்ஜின் என்று அதை அறிமுகப்படுத்துகிறார்கள். 1977இல் தாய்லாந்து அதைச் சேவையிலிருந்து எடுத்தபோது, பாதை போட்ட ஜப்பானிய ரயில் படையைச் சேர்ந்தவர்கள் பணம் திரட்டி வாங்கிவந்து காணிக்கையாகக் கொடுத்தார்கள். அவர்களுக்கு அது இளமைக்கால நினைவு, இறந்த தோழர்களின் அடையாளம். அதை நான் புரிந்துகொள்கிறேன். ஓர் இயந்திரத்தை முப்பத்தாறு வருடம் மறக்காமலிருந்து காசு போட்டு வீட்டுக்குக் கூட்டிவருகிற மனம் சாதாரணமானதில்லை. அந்த மனம் தண்டவாளத்தின் கீழே கிடந்தவர்களைத் தேடவில்லை என்பதுதான் உறுத்துகிறது.

அதே நேரம், ஜப்பான் ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1944இல் ஜப்பானிய ராணுவமே காஞ்சனபுரியில் இறந்தவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்பியது. பல மொழிக் கல்வெட்டுகளில் ஒன்று தமிழ். நம்மைக் கொன்ற வேலையை நடத்தியவர்கள் நம் மொழியில் கல் வெட்டினார்கள். நாம் அங்கே ஒரு நடுகல் வைக்க 2023 ஆனது.

இதற்கு நாமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 1982இல் மகாதீர் கிழக்கை நோக்கும் கொள்கையை அறிவித்தபின் ஜப்பான் என்றால் ஒழுங்கு, நேரம், தரம் என்று இந்த நாடு படித்தது. நான் படித்த உள்நாட்டுப் பல்கலைக்கழகத்திலும் தரக் கட்டுப்பாடு என்றால் டொயோட்டாதான். அந்தப் பாடம் பொய் இல்லை, இன்றும் அதில்தான் என் சம்பளம் ஓடுகிறது. ஆனால் அந்த ஒழுங்கு 1943இல் எங்கள் லயத்துக்கு வேறு முகத்தோடு வந்தது என்பதை யாரும் பக்கத்தில் வைத்துச் சொல்லவில்லை.

பயணத்தை ரத்து செய்யவில்லை. ஃபூஜியாமாவில் ஏறத்தான் போகிறேன், கத்தத்தான் போகிறேன். பெரிய தாத்தாவுக்குக் கிடைக்காதது ரயில் பயணம் இல்லை. எங்கே போகிறோம், எப்போது திரும்புகிறோம் என்று தானே முடிவு செய்யும் உரிமை. அது என் கையில் இருக்கும்போது அதை வெறுத்து ஒதுக்குவதால் அவருக்கு எதுவும் கிடைத்துவிடாது.

அட்டவணை மட்டும் நீண்டிருக்கிறது. இரண்டாம் நாள் காலை யூஷூக்கான். ஐந்தாம் நாள் ஷிசுவோக்கா வழியாக ஓய்காவா. ஜேம்ஸ் ஓடினாலும் சரி, கொட்டகையில் நின்றாலும் சரி, அந்த ஊரைப் பார்த்துவிட வேண்டும். ஒசாகாவிலிருந்து நேராகக் கோலாலம்பூர் டிக்கெட் எடுக்கவில்லை. பேங்காக் வரைதான். அங்கிருந்து காஞ்சனபுரி. அந்தப் பழைய பாதையில் நாம் தோக் வரை இன்றும் ரயில் ஓடுகிறது. சுற்றுலாப் பயணிகள் ஜன்னலில் சாய்ந்து படம் எடுக்கும் ரயில். அதில் ஏறிவிட்டு, தமிழ்க் கல்வெட்டைப் படித்துவிட்டு, தெற்கே இறங்குவதாகத் திட்டம்.

விடுப்பை நான்கு நாள் நீட்டிக் கேட்டிருக்கிறேன். மேலாளர் காரணம் கேட்டார். சொந்தக்காரர் ஒருவர் விஷயம் என்றேன். கடைசி நாளுக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: பாடாங் பெசார், தஞ்சோங் மாலிம், அங்கே கொமுட்டர் மாறி ராசா, பத்தாங் காலி.