கிங்ஸ்வே அங்காடிகளும் வெப்பமண்டல நவீனமும்

கிங்ஸ்வே அங்காடிகள் என்பவை 20-ஆம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்க நகரங்களில் இயங்கிய பெரிய பல்பொருள் கடைகள். யுனைடெட் ஆப்பிரிக்கா கம்பெனி, சுருக்கமாக யு.ஏ.சி., என்ற பிரிட்டிஷ் வணிக நிறுவனம் இவற்றை நடத்தியது. நைஜீரியாவின் லாகோஸ் நகரிலும், கோல்டு கோஸ்ட் என்று அன்று அழைக்கப்பட்ட கானாவின் அக்ரா நகரிலும் இருந்தவை இவற்றுள் பெயர்பெற்றவை. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் இக்கடைகள் பழைய வணிகக் கிடங்கின் சாயலை உதறிவிட்டுப் புது வடிவம் எடுத்தன. வெப்பமண்டல நவீனம் என்னும் கட்டடக்கலைப் பாணி மேற்கு ஆப்பிரிக்காவில் பரவியதும் அதே காலத்தில்தான். வெயிலையும் புழுக்கத்தையும் சமாளிப்பதற்காக உருவான அந்தப் பாணி, ஒரு பெரிய கடையின் உட்புறத்துக்குள் எவ்வளவு தூரம் நுழைய முடிந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பண்டகசாலைக் காலம்

மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் ஐரோப்பிய வணிகர்கள் அமைத்த வணிக நிலையங்களுக்கு 'ஃபாக்டரி' என்று பெயர். இங்கே எதுவும் உற்பத்தியாகவில்லை. சென்னையில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி அமைத்த பண்டகசாலைக்கும் இதே பெயர்தான் வழங்கியது. பாமாயில், கொக்கோ, நிலக்கடலை ஆகியவற்றை வாங்கி ஏற்றுமதி செய்வதும், துணி, உப்பு, இரும்புச் சாமான், மண்ணெண்ணெய் ஆகியவற்றை இறக்கி விற்பதும் அங்கே நடந்தன.

கட்டடத்தின் அமைப்பும் அந்தத் தொழிலுக்கு ஏற்றதாகவே இருந்தது. கீழ்த்தளத்தில் கடையும் கிடங்கும். மேல்தளத்தில் கம்பெனி ஏஜெண்டின் குடியிருப்பு. மேல்தளத்தைச் சுற்றி மரத்தாலான அகன்ற வராந்தா ஓடும். காற்றும் நிழலும் ஏஜெண்டுக்குக் கிடைத்தன. கீழே வாங்க வந்தவருக்குக் கிடைத்தது இருட்டும் நீண்ட மர மேசையும்தான். சரக்கு மேசைக்குப் பின்னால் இருக்கும். கேட்டால் எழுத்தர் எடுத்துக் காட்டுவார். வாங்குபவர் பொருளைத் தொட்டுப் பார்ப்பது எழுத்தரின் தயவைப் பொறுத்தது.

1929-இல் நைஜர் கம்பெனியும் ஆப்பிரிக்கன் அண்டு ஈஸ்டர்ன் டிரேட் கார்ப்பரேஷனும் இணைந்து யு.ஏ.சி. உருவானது. சோப்பு வியாபாரத்தில் வளர்ந்த லீவர் குழுமத்தின், அதாவது பின்னாளைய யுனிலீவரின், பிடியில் இந்த நிறுவனம் இருந்தது. மேற்கு ஆப்பிரிக்க வணிகத்தில் இதற்கு இணையாக வேறொரு நிறுவனம் இல்லை என்னும் அளவுக்கு வளர்ந்தது. அந்த வளர்ச்சி மக்களிடம் மரியாதையைவிடக் கசப்பையே அதிகம் சம்பாதித்தது. 1937-38-இல் ஐரோப்பிய நிறுவனங்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு கொக்கோவின் விலையைக் கட்டுப்படுத்த முயன்றபோது, கோல்டு கோஸ்ட் விவசாயிகள் கொக்கோவை விற்க மறுத்து மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தனர்.

1948: கடை எரிந்த ஆண்டு

போர் முடிந்தபின் துணியும் சாமான்களும் கிடைப்பது அரிதாயிற்று. விலை ஏறியது. வேண்டிய துணியை வாங்க வேண்டுமானால் வேண்டாத சரக்கையும் சேர்த்து வாங்கு என்று சிறு வியாபாரிகளைக் கட்டாயப்படுத்தும் வழக்கமும் இருந்தது. அசோசியேஷன் ஆஃப் வெஸ்ட் ஆப்பிரிக்கன் மெர்ச்சண்ட்ஸ் என்ற ஐரோப்பிய வணிகர் சங்கத்தின் முதலெழுத்துகளைச் சேர்த்து மக்கள் 'அவாம்' என்றார்கள். ஏமாற்று, போலி என்ற பொருளில் அச்சொல் கானாவின் பேச்சுவழக்கில் இன்றும் வழங்குகிறது. ஒரு வணிகர் சங்கத்துக்கு இதைவிடக் கசப்பான நினைவுச்சின்னம் அமைந்திருக்க முடியாது.

1948 ஜனவரி 26 அன்று, அக்ராவின் ஓசு பகுதித் தலைவரான நீ குவாபெனா பொன்னே தலைமையில் இறக்குமதிப் பொருள் புறக்கணிப்பு தொடங்கியது. ஒரு மாதத்துக்குப் பின் நிறுவனங்கள் தமது மொத்த இலாப விகிதத்தை 75 விழுக்காட்டிலிருந்து 50 விழுக்காடாகக் குறைப்பதாக ஒப்புக்கொண்டன. பிப்ரவரி 28 அன்று புறக்கணிப்பு முடிந்தது. அதே நாளில், போரில் பிரிட்டனுக்காகச் சண்டையிட்டுத் திரும்பிய முன்னாள் படைவீரர்கள் தங்கள் குறைகளைச் சொல்ல ஆளுநர் மாளிகை நோக்கி ஊர்வலம் சென்றனர். காவல்துறை சுட்டதில் மூவர் இறந்தனர். விலை குறைந்திருக்கும் என்று நம்பிக் கடைவீதிக்கு வந்திருந்த கூட்டம், விலை எதிர்பார்த்தபடி குறையவில்லை என்ற ஏமாற்றத்தில் இருந்தபோது துப்பாக்கிச் சூட்டுச் செய்தி வந்து சேர்ந்தது. ஐரோப்பிய, சிரியக் கடைகள் சூறையாடப்பட்டன; யு.ஏ.சி.யின் கட்டடங்களும் தீக்கிரையாயின. சில நாட்களில் 29 பேர் உயிரிழந்தனர்.

இந்த ஆண்டை நினைவில் வைக்காமல் பிற்காலத்துக் கிங்ஸ்வேயின் அழகைப் பேசுவது முழுமையாகாது. அதன் பின் யு.ஏ.சி. எடுத்த முடிவுகள் பலவற்றின் பின்னணியில் இந்த நெருப்பு இருந்தது. ஊர்ப்புறங்களில் இருந்த சில்லறைக் கிளைகளை நிறுவனம் படிப்படியாக மூடி, அந்த வியாபாரத்தை ஆப்பிரிக்க வணிகர்களிடம் விட்டது. பெருநகரங்களில் பல்பொருள் அங்காடி போன்ற சிறப்புத் தொழில்களில் கவனம் செலுத்தியது. அக்ரா மக்களுக்குச் சமூகக் கூடம் ஒன்றைக் கட்டவும் பணம் கொடுத்தது. 1951-இல் முடிந்த அக்கூடத்தை வடிவமைத்தவர்கள் மேக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் டுரூ என்னும் கட்டடக்கலைத் தம்பதியர்.

வெயிலும் காற்றும்

ஃப்ரையும் டுரூவும் போர்க்காலத்தில், 1944-இல், பிரிட்டிஷ் மேற்கு ஆப்பிரிக்காவின் நகரத் திட்ட ஆலோசனைப் பணிக்கு வந்தவர்கள். கோல்டு கோஸ்டில் பல பள்ளிகளையும் நைஜீரியாவில் இபாதான் பல்கலைக்கழகக் கல்லூரியையும் வடிவமைத்தனர். 1951 முதல் சண்டிகர் நகரை உருவாக்கும் பணியில் லே கொர்புசியேவுடன் பங்கேற்றனர். 1956-இல் ஈரப்பதம் மிகுந்த வெப்பமண்டலத்துக்கான கட்டடக்கலை பற்றி இவர்கள் எழுதிய நூல் பல நாடுகளில் பாடநூல்போலப் பயன்பட்டது. இலண்டனில் ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன் பள்ளியில் 1954-இல் வெப்பமண்டலக் கட்டடக்கலைக்கெனத் தனித்துறை தொடங்கியது. பின்னர் அதற்குத் தலைமை ஏற்ற ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர், மைசூர் சமஸ்தானத்தில் தலைமைக் கட்டடக்கலைஞராக இருந்தவர். புவனேஸ்வர் நகருக்குத் திட்டம் வரைந்தவரும் அவரே.

இப்பாணியின் அடிப்படைகளை நமது பழைய வீடுகளைப் பார்த்து வளர்ந்தவர் எளிதில் புரிந்துகொள்வார். கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்க வேண்டும். காலையிலும் மாலையிலும் சாய்வாக அடிக்கும் வெயில் குறுகிய பக்கங்களில் மட்டும் படும். அக்ரா நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஐந்தரை பாகையில் இருப்பதால், ஆண்டில் இருமுறை சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. எனவே கூரை நன்கு வெளியே நீள வேண்டும். சன்னல்களுக்கு முன் கான்கிரீட் வெயில் தடுப்புகளோ, நாம் ஜாலி என்று சொல்லும் துளைச்சுவரோ அமையும். எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டடம் ஒல்லியாக இருக்க வேண்டும். ஓர் அறை அகலத்துக்கு மேல் போகாமல், ஒரு பக்கத்தில் நுழையும் காற்று மறுபக்கம் வெளியேற வழி வேண்டும்.

வகுப்பறைக்கும் மாணவர் விடுதிக்கும் இது பொருந்தியது. பெரிய கடைக்கு?

கடைக்குள் வந்த சிக்கல்

பல்பொருள் அங்காடி ஒல்லியாக இருக்க முடியாத கட்டடம். வந்தவர் ஒரு பிரிவிலிருந்து அடுத்த பிரிவுக்கு நடந்துகொண்டே இருக்க வேண்டும். துணி வாங்க வந்தவர் கண்ணில் பாத்திரமும் பட வேண்டும். அதற்கு அகலமும் ஆழமும் கொண்ட தளம் தேவை. சுவரெல்லாம் சன்னல் வைத்தால் அடுக்குகளை எங்கே சாத்துவது? நேரடி வெளிச்சம் பட்டால் துணியின் சாயம் வெளுக்கும். சாக்லேட்டும் வெண்ணெயும் உருகும். டிசம்பர் தொடங்கிச் சில மாதங்கள் சகாராவிலிருந்து ஹர்மட்டான் என்னும் வறண்ட காற்று நுண்ணிய புழுதியைச் சுமந்து வரும். திறந்து வைத்த துளைச்சுவர் அன்றைக்குப் புழுதிக்கு வாசலாகிவிடும். திருட்டுப் பயம் வேறு.

காட்சிக் கண்ணாடி இன்னொரு தலைவலி. தெருவில் போவோரை உள்ளே இழுப்பதே அதன் வேலை. ஆனால் கண்ணாடி வெயிலை உள்ளே விட்டு, வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். ஆகவே கண்ணாடிக்கு மேலே அகன்ற கான்கிரீட் பந்தல் நீட்டப்படும். நடைபாதையில் போகிறவருக்கும் அது மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்குமிடம். பழைய வணிக நிலையத்தின் மேல்தள வராந்தா ஒருவருக்கு மட்டும் தந்த நிழலை, இந்தப் பந்தல் தெருவில் போகும் எவருக்கும் தந்தது. இப்பாணி கடைவீதிக்குச் செய்த உண்மையான நன்மை இதுவே எனலாம்.

உட்புறம் வேறு வழியில் போனது. மேசைக்குப் பின்னால் பூட்டி வைத்த சரக்கு வெளியே வந்து, கைக்கெட்டும் அடுக்குகளில் அமர்ந்தது. பேரம் இல்லாத எழுதிய விலை, தனித்தனிப் பிரிவுகள், உணவுக்கூடம், சிற்றுண்டி அறை என்று எல்லாம் ஐரோப்பிய அங்காடியின் ஒழுங்கில் அமைந்தன. அந்த ஆழமான தளத்துக்கு வெளிச்சம் தந்தது மின்விளக்கு. குளிர்ச்சி தந்தது இயந்திரம். பள்ளியில் கட்டடத்தின் உடலாகவே இருந்த வெப்பமண்டல நவீனம், அங்காடியில் பெரும்பாலும் முகப்பில் போர்த்திய சட்டையாக நின்றது. வடிவமைத்தவர்களின் திறமைக் குறைவு என்று இதைச் சொல்ல முடியாது. ஆழமான தளமும் குறுக்குக் காற்றும் ஒன்றையொன்று விலக்குபவை. ஆனால் இந்தத் தேர்வினால், கடையின் உயிர் மின்சாரத்தின் கையிலும் இறக்குமதியின் கையிலும் போய்ச் சேர்ந்தது.

யாருக்கான கடை

லாகோஸின் கடலோரச் சாலையான மரீனாவில் இருந்த கிங்ஸ்வே, அந்நகரில் வளர்ந்த ஒரு தலைமுறையின் குழந்தைப்பருவ நினைவுகளில் இடம்பெற்றது. கிறிஸ்துமஸ் காலத்தில் அங்கே கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பார்க்கப் பிள்ளைகளை அழைத்துப்போவது நடுத்தரக் குடும்பங்களின் வழக்கம். 1957 மார்ச் 6 அன்று கானாவும், 1960 அக்டோபர் 1 அன்று நைஜீரியாவும் விடுதலை பெற்றன. புதிய அரசு அலுவலர்களும் வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் முன்பு ஐரோப்பியர் மட்டுமே நிறைந்திருந்த பிரிவுகளில் வாங்கத் தொடங்கினர். போட்டியும் இருந்தது. லாகோஸில் சிந்தி வணிகர்களான செல்லாராம் நிறுவனம் 1923 முதல் இயங்கியது. கானாவில் நிக்ருமா அரசு லெவெண்டிஸ் என்ற கிரேக்க-சைப்ரஸ் வணிகரின் கடைகளை வாங்கி, 1961-இல் கானா தேசிய வணிகக் கழகத்தை உருவாக்கியது.

எனினும் பெரும்பாலான மக்கள் துணி வாங்கியது கிங்ஸ்வேயில் அன்று. யு.ஏ.சி. இறக்கிய மெழுகுச்சாயத் துணிகளை மொத்தமாகக் கடனுக்கு எடுத்துச் சந்தையில் விற்றவர்கள் பெண் வணிகர்கள். எந்த நிறத்துக்கு எந்த ஊரில் கிராக்கி என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கம்பெனியும் அவர்களைக் கேட்டே சரக்கு வரவழைத்தது. அக்ராவின் மக்கோலா சந்தை 1924-இல் கட்டப்பட்டது. தகரக் கூரை, திறந்த பக்கங்கள், குடை, இரண்டு பக்கமும் ஓடும் காற்று என்று கட்டடக்கலை நூல்கள் கேட்டவை பலவும் அங்கே இருந்தன. அதை யாரும் நவீனம் என்று அழைக்கவில்லை.

வெறுமையான அடுக்குகள்

1970-களில் கானாவின் பொருளாதாரம் சரிந்தது. அந்நியச் செலாவணி இல்லாமல் சோப்பு, சர்க்கரை, பால்மாவு கூடக் கிடைக்கவில்லை. இறக்குமதியை நம்பிய பெருங்கடைகளின் அடுக்குகள் காலியாயின. பற்றாக்குறைக்கான பழி சந்தைப் பெண்கள் மேல் விழுந்தது. பதுக்கல்காரிகள் என்று குற்றஞ்சாட்டப்பட்டு, 1979 ஆகஸ்டில் முதலாம் மக்கோலா சந்தையைப் படையினர் தரைமட்டமாக்கினர். 1948-இல் மக்கள் கோபம் யு.ஏ.சி.யின் மேல் பாய்ந்தது. முப்பத்தோர் ஆண்டுகளுக்குப் பின் அரசின் கோபம் அதே துணியைச் சில்லறையில் விற்ற பெண்கள் மேல் பாய்ந்தது. ஆனாலும் சந்தை சாகவில்லை. மக்கோலா இன்றும் அக்ராவின் பெரிய வணிக மையம்.

மின்சாரமும் கைவிட்டது. 1966-இல் நிக்ருமா திறந்து வைத்த அகோசோம்போ அணை, 1983-84 வறட்சியில் நீர்மட்டம் வீழ்ந்து மின்வெட்டுக்குக் காரணமாயிற்று. நைஜீரியாவில் மின்வாரியத்தின் சுருக்கப்பெயரான 'நேபா'வுக்கு, எப்போதும் மின்சாரம் வரும் என்று எதிர்பார்க்காதே என்ற பொருளில் மக்கள் விரிவாக்கம் சொல்லிச் சிரித்தனர். காற்றோட்டத்துக்காகக் கட்டப்படாத ஓர் அகன்ற தளத்தில் குளிர்சாதனம் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஒரு பள்ளிக் கட்டடம் மின்சாரம் இல்லாமலும் பள்ளியாக இயங்கும். அங்காடி அப்படி இயங்காது.

நைஜீரியாவில் 1972-இல் வந்த உள்நாட்டுமயச் சட்டத்தை அடுத்து யு.ஏ.சி.யின் பங்குகள் நைஜீரியர் கைக்கு மாறின. எண்ணெய் வருவாய் பெருகிய ஆண்டுகளில் கிங்ஸ்வே தழைத்தது. 1982-இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகளும், 1986-க்குப் பின் நைரா நாணயத்தின் வீழ்ச்சியும் சேர்ந்து அதன் அடித்தளத்தைக் கரைத்தன. நூற்றாண்டு முடிவதற்குள் கிங்ஸ்வே என்ற பெயர் கடைவீதியிலிருந்து மறைந்தது.

எஞ்சியது அங்காடியின் உள்ளே இருந்த சிற்றுண்டிப் பிரிவுதான். 'கிங்ஸ்வே ராந்தேவூ' என்ற பெயரில் வாடிக்கையாளர்கள் களைப்பாறிய அந்தப் பிரிவை, யு.ஏ.சி. 1986-இல் 'மிஸ்டர் பிக்ஸ்' என்ற தனி உணவகமாக மாற்றியது. இறைச்சி வைத்துச் சுட்ட 'மீட் பை' பண்டத்துக்குப் பெயர்பெற்ற அவ்வுணவகம் பின்னர் நைஜீரியாவின் பல நகரங்களில் கிளை பரப்பியது.