மைக் இல்லாத காலத்துக் குரல்: கே.பி. சுந்தராம்பாள்

ஜேடர்பாளையம் தடுப்பணை உங்கள்ல பல பேருக்கு ஒரு நாள் டூர் ஸ்பாட்டாத் தெரிஞ்சிருக்கும். குளியல், மீன் வறுவல், திரும்ப வீடு. அங்கிருந்து காவிரி தெற்கே கொஞ்ச தூரம் ஓடினா கொடுமுடி வரும். 1908-ல் அந்த ஊர்ல பிறந்த கே.பி. சுந்தராம்பாளைப் பத்தித்தான் இந்த எபிசோட்.

நம்மில் பலருக்கு அவர் ‘திருவிளையாடல்’ படத்து ஔவையார். வெள்ளைச் சேலை, நெற்றி நிறைய விபூதி, கணீர்னு ஒரு குரல். அந்தக் குரல் எங்கே உருவாச்சு?

சின்ன வயசுல வறுமை. ரயில்ல பாடிக் காசு வாங்கின குழந்தை, நாடக மேடைக்குப் போனார். அன்றைய ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்கள் ஒரே கம்பெனி ஆட்கள் இல்லை. ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்து, ஒத்திகை இல்லாமல் நேராக மேடையில் சந்திப்பார்கள். வள்ளியும் முருகனும் தர்க்கம் பண்ணும் காட்சியில், எதிராளி எந்தப் பாட்டை எடுப்பார்னு தெரியாது. உடனே பதில் பாடணும். மைக் கிடையாது, கடைசி வரிசைக்கும் கேட்கணும். ஐரோப்பிய ஓபரா பாடகர்களுக்கு இருந்த அதே சவால்தான். ஆனால் அவர்களுக்குக் கட்டடம் இருந்தது. நம்மவர்களுக்குப் பெரும்பாலும் கீற்றுக் கொட்டகை.

1926-ல் கொழும்பு மேடையில் அவருக்கு ஜோடியா வந்தவர் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. அவரும் உச்சஸ்தாயியில் அநாயாசமாப் பாடுறவர். மேடை ஜோடி வாழ்க்கையிலும் ஜோடியானது. ஆனால் கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே திருமணமாகியிருந்தது. சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்களைப் படித்தால் காதலும் தெரியும், காக்க வைக்கப்பட்டவரின் கோபமும் தெரியும்.

1933 டிசம்பரில், 27 வயதில் கிட்டப்பா இறந்துபோனார். சுந்தராம்பாளுக்கு அப்போ 25. வெள்ளைச் சேலைக்கு மாறினார். இனி எந்த ஆணுடனும் ஜோடி சேர்ந்து நடிப்பதில்லைன்னு முடிவெடுத்தார்.

இதை நாம வழக்கமா ஒரு தியாகக் கதையாச் சொல்லிக் கடந்துடுறோம். கொஞ்சம் யோசிங்க. நாடகக்காரின்னாலே ஏளனமாப் பார்த்த ஊர் அது. ரெண்டு குடும்பம் வைத்திருந்த ஆணை யாரும் கேள்வி கேட்கலை. மரியாதைக்கு விலை கொடுத்தது அவர் மட்டும்தான்.

ஆனால் அதோடு அவர் முடிஞ்சுபோகலை. 1935-ல் ‘நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே, ஆண் வேஷத்தில் நடித்தார். அதுக்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம்னு சொல்வாங்க. 1940-ல் மணிமேகலை. 1953-ல் ஜெமினி எடுத்த ‘ஔவையார்’. 1964-ல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகள். இந்த நாலு பேரையும் வரிசையா வைத்துப் பாருங்க: எந்த வேஷத்துக்கும் கதாநாயகன் தேவைப்படலை. கல்யாணப் பேச்சு வந்ததும் பிள்ளையார்கிட்ட முதுமையைக் கேட்டு வாங்கினவர் ஔவைன்னு ஒரு கதை உண்டு. சுந்தராம்பாளுக்கு அந்த வேஷம் அவ்வளவு பொருந்தினதுக்கு அவர் குரல் மட்டும் காரணமில்லை.

காங்கிரஸ் மேடைகளில் பாடினார், மேலவை உறுப்பினரானார், 1970-ல் பத்மஸ்ரீ வாங்கினார். 1980-ல் மறைந்தார்.

இன்னைக்கு ராத்திரி ஹெட்போனைக் கழட்டிட்டு, ஸ்பீக்கர்ல ஒரு சுந்தராம்பாள் பாட்டைப் போட்டுட்டு அடுத்த அறைக்குப் போய் நின்று கேளுங்க. ஒரு வார்த்தைகூட மங்காது. கொட்டகையின் கடைசி வரிசைக்காரருக்காகப் பழக்கப்படுத்தின குரல் அது.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.