பெஞ்சிலிருந்து பெஞ்சுக்கு

எங்கள் மாமா ஒருவர் கோயம்புத்தூரில் இருபது வருஷம் லேத் ஓட்டினார். நாற்பத்தொரு வயதில் அதே கம்பெனியில் ஸ்டோர்ஸ் ஆபீஸில் உட்கார வைத்துவிட்டார்கள். போன லீவில் பார்த்தபோது, "கம்ப்யூட்டர் கத்துக்கறதுதான் கஷ்டமா இருந்துச்சா மாமா?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஒரு மாசத்துல வந்துருச்சு கண்ணு. மத்தியானம் டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு யார் பக்கத்துல போய் உக்கார்றதுன்னுதான் ஆறு மாசம் தெரியல" என்றார்.

அந்தப் பதில் மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதனால்தான் ஹென்றி பிராட்ஹர்ஸ்ட் என்ற ஆளைப் பற்றிப் படித்தபோது விட முடியவில்லை. நம்மில் பலர் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். நானும்தான். உளி பிடித்த கையால் பேனா பிடித்து, பிரிட்டனில் மந்திரிசபை வரை போன முதல் தொழிலாளி அவர்.

1840இல் ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் லிட்டில்மோர் என்ற ஊரில் பிறந்தார். அப்பாவும் கல்தச்சர். பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. கொஞ்ச நாள் கொல்லன் பட்டறையில் எடுபிடி, அப்புறம் கல்வேலை. அந்தக் காலத்துக் கல்தச்சர்கள் ஓரிடத்தில் உட்கார்ந்து வேலை செய்தவர்கள் இல்லை. கட்டடம் முடிந்தால் வேலையும் முடிந்தது. உளிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த ஊருக்கு நடக்க வேண்டும். சங்கத்தில் சேர்ந்தவர் என்றால் சங்க அட்டையைக் காட்டி, ஒவ்வொரு ஊரிலும் ஒரு ராத்திரி படுக்க இடம் வாங்கிக்கொள்ளலாம். பிராட்ஹர்ஸ்டும் இப்படி வேலை தேடி நடையாய் நடந்தவர்தான். 1865இல் லண்டன் வந்தார். அங்கே அவர் கல் செதுக்கிய இடங்களில் ஒன்று வெஸ்ட்மின்ஸ்டர் மணிக்கூண்டு. ஆமாம், நாம் 'பிக் பென்' என்று சொல்கிறோமே, அதேதான். பதினைந்து வருஷம் கழித்து அதே கட்டடத்துக்குள் எம்.பி.யாக நுழைந்தார்!

1872இல் லண்டன் கல்தச்சர்களுக்கும் முதலாளிகளுக்கும் பெரிய தகராறு. தொழிலாளர் தரப்புக் குழுவுக்கு பிராட்ஹர்ஸ்ட் தலைமை தாங்கினார். அதற்குப் பிறகு அவர் பிழைப்புக்காக உளியைத் தொடவில்லை, முழுநேர சங்க வேலைக்குப் போய்விட்டார். அப்போது வயது 32. "இது நடுவயதா?" என்று கேட்காதீர்கள். பன்னிரண்டு வயதில் வேலைக்குப் போய், இருபது வருஷம் கல் தூசியைச் சுவாசித்தவனுக்கு அது நடுவயதுதான்.

1875இல் தொழிற்சங்கப் பேராயத்தின் நாடாளுமன்றக் குழுவுக்குச் செயலாளரானார். பெயர் பெரிதாக இருந்தாலும் ஊழியர் பட்டாளம் எதுவும் கிடையாது. கடிதம் எழுதுவது, மசோதாக்களை வரி வரியாகப் படிப்பது, எம்.பி.க்களை நடைவழியில் மடக்கிப் பேசுவது... எல்லாம் செயலாளர் தலையில்தான். பள்ளிப் படிப்பைச் சிறு வயதிலேயே விட்டவர் சட்ட மொழியைப் படித்து, இந்த வார்த்தையை மாற்றுங்கள், அந்த வரியை எடுங்கள் என்று வக்கீல்களோடு வாதாட வேண்டும்.

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அப்போதைய சட்டத்தைப் பாருங்கள். 1875 வரைக்கும் வேலை ஒப்பந்தத்தை முதலாளி மீறினால் அது சிவில் வழக்கு, நஷ்டஈடு கட்டினால் போதும். அதையே தொழிலாளி மீறினால் ஜெயிலுக்குப் போகலாம்! அந்த வருஷம் வந்த சட்டங்கள்தான் இதை மாற்றின. இன்னொன்று, கூட வேலை செய்பவரின் கவனக்குறைவால் கை கால் போனால் முதலாளியிடம் நஷ்டஈடு கேட்க முடியாது. 'தெரிந்துதானே வேலைக்கு வந்தாய்' என்பதுதான் கோர்ட் கண்ட நியாயம். சாரம் சரிந்து விழுவதைப் பார்த்த கல்தச்சருக்கு இது வெறும் சட்டப் பிரிவு இல்லை. 1880இல் வந்த முதலாளிகள் பொறுப்புச் சட்டத்துக்காக பிராட்ஹர்ஸ்டின் குழு வருஷக்கணக்கில் அலைந்தது. அரைகுறைச் சட்டம்தான். உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று தொழிலாளியிடம் எழுதி வாங்கிக்கொள்ளக்கூட அதில் ஓட்டை இருந்தது. ஆனாலும் கதவு திறந்தது.

அதே 1880இல் ஸ்டோக் தொகுதியில் ஜெயித்து லிபரல் கட்சியோடு உட்கார்ந்தார். 1886 பிப்ரவரியில் கிளாட்ஸ்டன் அவரை உள்துறைத் துணை அமைச்சராக்கினார். கேபினட் பதவி இல்லை, ஆட்சியும் சில மாதங்களில் கவிழ்ந்துவிட்டது. ஆனால் ஒரு தொழிலாளி அமைச்சகத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நம் நாடாளுமன்றத்திலும் ஆளுங்கட்சி வரிசையை 'ட்ரெஷரி பெஞ்ச்' என்பார்கள் இல்லையா? 1901இல் வந்த அவருடைய சுயசரிதையின் தலைப்பே, கல்தச்சரின் பெஞ்சிலிருந்து ட்ரெஷரி பெஞ்ச் வரை என்றுதான் சொல்கிறது.

மாமாவின் டிபன் பாக்ஸ் பிரச்சினை பிராட்ஹர்ஸ்டுக்கும் வந்தது, ஆனால் அரண்மனை அளவில்! 1884இல் ஏழைத் தொழிலாளர்களின் வீட்டுவசதி பற்றி விசாரிக்க ஒரு ராயல் கமிஷன் போட்டார்கள். அதில் வேல்ஸ் இளவரசரும் (பின்னாளில் ஏழாம் எட்வர்ட்) உறுப்பினர், பிராட்ஹர்ஸ்டும் உறுப்பினர். இளவரசர் அவரைத் தன் சாண்ட்ரிங்ஹாம் மாளிகைக்கு விருந்தாளியாக அழைத்தார். ராத்திரி விருந்துக்கு வால் கோட்டு போட்டாக வேண்டும். இவரிடம் அது இல்லை. கடைசியில் இவர் அறைக்கே சாப்பாடு அனுப்பிவிட்டார்கள். இளவரசரின் பெருந்தன்மைக்கு உதாரணமாக இதைச் சொல்வார்கள். எனக்கு என்னவோ, அந்த மாளிகையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்ட ஆள்தான் கண்ணுக்குத் தெரிகிறார்.

மேல் பந்தியில் இப்படி என்றால், கீழ்ப் பந்தியிலும் இடம் போய்க்கொண்டிருந்தது.

1887 தொழிற்சங்கப் பேராயத்தில் ஸ்காட்லாந்திலிருந்து ஒருவர் எழுந்து பிராட்ஹர்ஸ்டை நேரடியாகத் தாக்கினார். கெய்ர் ஹார்டி, வயது 31. பத்து வயதில் சுரங்கத்துக்குள் இறங்கி, பிறகு சங்க வேலைக்கும் பத்திரிகைக்கும் வந்தவர். அதாவது அவரும் அதே பாதையில் வந்தவர்தான். பிரன்னர் என்ற ரசாயன ஆலை முதலாளிக்கு பிராட்ஹர்ஸ்ட் தேர்தலில் ஆதரவு கொடுத்தார், அந்த ஆலையில் தொழிலாளர் நிலைமை என்ன தெரியுமா என்பது ஹார்டியின் கேள்வி. அந்தக் கம்பெனியின் பங்குகளே பிராட்ஹர்ஸ்டிடம் இருப்பது பிற்பாடு தெரிந்தபோது விவகாரம் பெரிதானது. 1889 பேராயத்தில் ஓட்டெடுப்பு நடந்தது. பெரும்பான்மை பிராட்ஹர்ஸ்ட் பக்கமே நின்றது.

பங்கு விஷயத்தில் நான் ஹார்டி கட்சி. தொழிலாளர் செயலாளருக்கு அது தேவையில்லாத வேலை.

ஆனால் 'ஆபீஸ் நாற்காலி அவரை மாற்றிவிட்டது' என்று கதையை முடிக்க எனக்கு மனசு வரவில்லை. அவருடைய உண்மையான தோல்வி எட்டு மணி நேர வேலை விஷயத்தில் வந்தது. வேலை நேரத்தைச் சட்டம் போட்டுக் குறைக்க வேண்டும் என்று புதிய சங்கங்கள் கேட்டன. பிராட்ஹர்ஸ்ட் முடியாது என்று நின்றார். சங்கம் தன் பலத்தில் பேசி வாங்க வேண்டும், வளர்ந்த ஆண்பிள்ளைக்கு அரசாங்கம் எதற்கு நேரம் குறிக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

இது முதலாளி பேச்சு மாதிரி இருக்கிறது. ஆனால் யோசித்தால் இது ஒரு கல்தச்சரின் பேச்சு! கல்தச்சனுக்குக் கையில் தொழில் இருந்தது. அவன் உளியைக் கீழே வைத்தால் கட்டடம் நின்றுவிடும். வருஷக்கணக்காகப் பழகினால்தான் அந்த வேலை வரும் என்பதால் அவனுக்குப் பதிலாக வேறு ஆளை உடனே கொண்டுவர முடியாது. அதனால் பேரம் பேசினான், ஜெயித்தான். 1889இல் வேலைநிறுத்தம் செய்த லண்டன் துறைமுகக் கூலிகளின் கதை வேறு. அவர்கள் நின்ற வாசலிலேயே அந்த இடத்துக்கு நூறு பேர் காத்திருந்தார்கள். சட்டத்தின் துணை அவர்களுக்கு வேண்டியிருந்தது.

பிராட்ஹர்ஸ்ட் உழைப்பை மறந்துபோனார் என்றுதான் அவரைப் பிடிக்காதவர்கள் சொன்னார்கள். அவர் மறக்கவே இல்லை, அதுதான் சிக்கல் என்கிறேன் நான். 1872இல் கீழே வைத்த உளியை மனசுக்குள் அப்படியே வைத்திருந்தார். அவர் ஆபீஸில் இருந்த அந்தப் பதினைந்து, இருபது வருஷத்தில் வெளியே வேலை என்பதே வேறாகிவிட்டது. பெண்கள் விஷயத்திலும் அப்படித்தான். ஆண் சம்பாதிக்க வேண்டும், பெண் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று 1877 பேராயத்திலேயே பேசியவர் அவர். ஆலைகளில் அப்போது லட்சக்கணக்கான பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

1890 லிவர்பூல் பேராயத்தில் எட்டு மணி நேரச் சட்டம் வேண்டும் என்ற தீர்மானம் நிறைவேறியது. உடம்பு சரியில்லை என்று சொல்லி பிராட்ஹர்ஸ்ட் செயலாளர் பதவியை விட்டார். 1892 தேர்தலில் மேற்கு நாட்டிங்ஹாமில் நின்றபோது, எட்டு மணி நேரத்தை எதிர்த்தவர் என்று சுரங்கத் தொழிலாளர்கள் அவரைக் கைவிட்டார்கள். அவரைத் தோற்கடித்தவர் யார் தெரியுமா? ஒரு சுரங்க முதலாளி! அதே தேர்தலில்தான் ஹார்டி முதல் தடவையாக ஜெயித்து, எம்.பி.க்களின் வழக்கமான கறுப்புக் கோட்டும் பட்டுத் தொப்பியும் இல்லாமல் தொழிலாளி உடையில் உள்ளே போனார்.

பிராட்ஹர்ஸ்ட் 1894இல் லெஸ்டர் தொகுதியிலிருந்து திரும்பி வந்து 1906 வரை எம்.பி.யாக இருந்தார். அத்தனை வருஷமும் எம்.பி. வேலைக்குச் சம்பளம் கிடையாது. சொத்து உள்ளவர்களுக்குப் பிரச்சினை இல்லை. தொழிலாளி எம்.பி.க்களுக்குச் சங்கமோ நண்பர்களோதான் படியளக்க வேண்டும். 1874இல் ஜெயித்த தாமஸ் பர்ட்டுக்கு நார்தம்பர்லாந்து சுரங்கத் தொழிலாளர்கள் வருஷத்துக்கு 500 பவுன் வசூலித்துக் கொடுத்தார்கள்.

எம்.பி.க்களுக்கு வருஷம் 400 பவுன் சம்பளம் என்று 1911 ஆகஸ்டில் நாடாளுமன்றம் முடிவு செய்தது. இனி ஒரு கொத்தனாரோ தச்சரோ யார் கையையும் எதிர்பார்க்காமல் அந்த பெஞ்சில் போய் உட்காரலாம். அதே வருஷம் அக்டோபரில், க்ரோமர் என்ற கடற்கரை ஊரில், 71 வயதில் பிராட்ஹர்ஸ்ட் காலமானார்.