குடியிருக்கும் உரிமை: நம் மாவட்ட வரலாறு காட்டும் வழி

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மக்களுக்கு இன்றியமையாதன என்று தொடக்க வகுப்பிலேயே கற்பிக்கிறோம். இவற்றுள் உணவையும் உடையையும் உழைத்து ஈட்டிய பணத்தால் பெற்றுவிடலாம். உறையுளைப் பெறுவதற்கோ பணத்துடன் மற்றவரின் இசைவும் வேண்டியிருக்கிறது. அந்த இசைவு நம் மக்களுக்கு எவ்வாறு மறுக்கப்பட்டு வந்தது, அம்மறுப்பை நம் முன்னோர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் நம் இளைஞர்கள் அறிந்துகொள்ளுதல் நலம்.

தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள், வரி நீக்கப்பட்ட நிலங்களைக் குறிக்கும்போது ஊர்நத்தத்தை ஒருபுறமும், பறைச்சேரி, தீண்டாச்சேரி ஆகியவற்றை மற்றொருபுறமுமாகப் பிரித்துக் கூறுகின்றன. நம் குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழார் பெருமானும் 12ஆம் நூற்றாண்டில் தாம் இயற்றிய பெரிய புராணத்தில், திருநாளைப்போவாரின் ஆதனூரை வருணிக்கையில், ஊரின் புறத்தே அமைந்த புலைப்பாடியைத் தனியே காட்டுகிறார். ஊர் வேறு, சேரி வேறு என்னும் ஏற்பாடு எத்துணைப் பழைமையானது என்பதற்கு இவை சான்றுகளாம்.

சேரி தனியே இருந்தது மட்டுமன்று. அச்சேரியின் மனையும் அங்கு வாழ்ந்தோர்க்கு உரியதாக இல்லை. இதனை ஐயமற எடுத்துரைத்தவர், செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த ட்ரெமென்ஹீர் என்னும் ஆங்கிலேயர் ஆவார். அன்று நம் குன்றத்தூரும் அம்மாவட்டத்திலேயே அடங்கியிருந்தது. 1891ஆம் ஆண்டு அரசுக்கு அவர் அளித்த அறிக்கையில், பறையர் மக்களின் வறுமை, பண்ணையடிமை, நிலமின்மை ஆகியவற்றுடன் மனைச் சிக்கலையும் விரிவாக எழுதினார். குடிசை நின்ற இடம் மிராசுதாரருக்கு உரியது எனக் கருதப்பட்டது. கூலியை உயர்த்திக் கேட்டாலும், வேறொருவரிடம் வேலைக்குச் சென்றாலும், ‘மனையை விட்டு வெளியேறு’ என்னும் அச்சுறுத்தல் காத்திருந்தது. மனைமீது உரிமை இல்லாதவன் எதையும் துணிந்து கேட்க இயலாது என்பதை மிராசுதாரர் நன்கு அறிந்திருந்தனர்.

அவ்வறிக்கையின் பயனாகவே 1892 செப்டம்பர் 30ஆம் நாள் 1010ஆம் எண்ணுள்ள அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் வழங்கும் நிலங்களுக்கு வித்திட்டது அவ்வாணையே. நம் மாவட்டத்துக் கோழியாளத்திற் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்னும் பெயரிலேயே இதழ் தொடங்கி, நம் குறைகளை அச்சிலேற்றினார். பின்னர்த் தொழிலாளர் துறையின் வாயிலாக ஆதிதிராவிடர்க்கு மனைகள் வாங்கியளிக்கப்பட்டன. 1971ஆம் ஆண்டுச் சட்டம் குடியிருப்பு மனைகளை அவற்றில் வாழ்ந்த விவசாயத் தொழிலாளர்க்கே உரிமையாக்கியது. 1978ஆம் ஆண்டுச் சட்டம் நலத் திட்டங்களுக்கு நிலம் கையகப்படுத்தும் வழியை எளிதாக்கியது. இவற்றால் பெற்றவை எல்லாம் நிலைத்துவிடவில்லை. பஞ்சமி நிலங்கள் பல கைமாறிப் போயின. அவற்றை மீட்கக் காரணையில் எழுந்த போராட்டத்தின் தொடர்ச்சியாக 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் நிகழ்ந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் நம்மவர் இருவர் உயிர் நீத்தனர்.

கல்வியும் பதவியும் பெற்றால் இத்தடை தானே நீங்கிவிடும் என எண்ணுவோரும் உளர். அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கை அதற்கு விடை கூறும். அயல்நாட்டில் உயர்கல்வி பெற்றுத் திரும்பிய அவர் 1917இல் பரோடா அரசின் பணியில் சேர்ந்தார். தங்க இடமின்றிப் பார்சிகளின் விடுதி ஒன்றில் தம்மை மறைத்துத் தங்கினார். உண்மை வெளிப்பட்டதும், தடியேந்தி வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. நண்பர்களும் இடமளிக்கத் தயங்கவே, அவர் பம்பாய்க்குத் திரும்ப நேர்ந்தது. இந்நிகழ்ச்சியை அவரே எழுதி வைத்துள்ளார்.

இன்று இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆகிய இடங்களில் தொழிற்சாலைகள் பெருகியுள்ளன. பல மாவட்டங்களிலிருந்தும் வரும் நம் பிள்ளைகள் குன்றத்தூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வாடகைக்கு வீடு தேடுகின்றனர். மிராசுதாரரைப்போல் இன்று எவரும் வெளிப்படையாக மறுப்பதில்லை. ‘சொந்த ஊர் எது? அங்கே எந்தத் தெரு?’ என்ற கேள்வி முதலில் வரும். சாதிச் சான்றிதழைக் கேட்போரும் உண்டு. தொலைபேசியில் ‘வீடு காலி’ என்றவர், நேரிற் கண்டு விவரம் கேட்டபின் ‘நேற்றே ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டார்’ என்பார். ஒருவருக்கு ஒரு வாடகை, நம்மவர்க்கு ஒரு வாடகை எனவும் கூறப்படும். மனை வாங்கச் சென்றாலோ, அந்தப் பிரிவில் ‘எல்லாம் விற்றுவிட்டன’ என்பர். வாரம் கழித்து அதே மனை வேறொருவர்க்கு விற்பனையாகும். தில்லியையும் அதன் சுற்றுப்புறத்தையும் பற்றி 2015இல் வெளியான ஆய்வொன்று, வெவ்வேறு சமூகப் பெயர்களில் வீடு கேட்கச் செய்து, தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும் மறுப்பு மிகுந்திருப்பதைக் காட்டியது. ஒப்பிட்டுப் பார்த்தால்தான் மறைமுக மறுப்பு வெளிப்படும் என்பது அதன் பாடம்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. அரசியலமைப்பின் 17ஆம் விதி தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, தீண்டாமையின் அடிப்படையில் எந்தப் பகுதியிலும் வீடு கட்டுவதையோ, வாங்குவதையோ, குடியிருப்பதையோ தடுப்பதைக் குற்றமாக்கியுள்ளது. தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறையும் அபராதமும் ஆகும். பட்டியல் சாதியினர்க்கு எதிராக இச்சட்டப்படி குற்றமாகும் செயல் நிகழின், மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை, அது தீண்டாமையாலேயே நிகழ்ந்தது என நீதிமன்றம் கொள்ளவேண்டும் என்று 12ஆம் பிரிவு கூறுகிறது. பலர் அறியச் சாதிப் பெயர் கூறி இழிவுபடுத்தினாலோ, நமக்குரிய மனையிலிருந்து முறைகேடாக வெளியேற்றினாலோ, 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் துணை நிற்கும்.

ஆயினும், சட்டம் தானே எழுந்து வராது. மறுக்கப்பட்ட நாள், நேரம், இடம், கூறியவர் பெயர், கூறிய சொற்கள் ஆகியவற்றை அன்றே எழுதிவைத்தல் வேண்டும். விளம்பரத்தையும் கைப்பேசிச் செய்திகளையும் அழிக்காமல் காத்தல் வேண்டும். தனியே செல்லாமல் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுதல் நன்று. மறுப்புக்குப்பின் அதே வீட்டை வேறொருவர் கேட்டுப் பார்ப்பதும் சான்றாகும். பின்னர்க் காவல் நிலையத்தில் எழுத்து வடிவில் புகார் அளித்து, அதற்குரிய ரசீதைத் தவறாது பெறுக. அங்குக் கவனிப்பார் இல்லையெனில், மேலதிகாரிக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் பதிவு அஞ்சலில் அனுப்புக. 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையத்தையும் அணுகலாம். 14566 என்னும் உதவி எண் உண்டு. பட்டியல் சாதியினர் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம்.

‘போனால் போகட்டும், வேறு வீடு பார்த்துக்கொள்வோம்’ என்று நம்முள் பலர் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர். வேலைக்குப் போக வேண்டிய பிள்ளைகளின் நெருக்கடியை நாம் அறிவோம். ஆயினும் அவ்வாறு விடப்பட்ட ஒவ்வொரு மறுப்பும் நிகழாததாகவே ஆகிவிடுகிறது. அடுத்து வரும் நம் பிள்ளையும் அதே வாயிலில் நின்று திரும்புகிறான். 1891இல் நம் மக்களின் துயர் எழுத்தில் ஏறியதால் அன்றோ 1892இல் ஆணை வந்தது? அன்று நமக்காக மற்றவர் எழுதினார். இன்று எழுத நம்மிடமே கல்வி உண்டு. இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் ஊட்டிய அக்கல்வியை இளைஞர்கள் இப்பணிக்கும் பயன்படுத்துவார்களாக. புகார் எழுதத் தயங்குவோர்க்கு எழுதிக் கொடுப்பதும், உடன் செல்வதும் நம் சங்கத்தின் கடமைகளுள் ஒன்றாகட்டும்.